முன்னால் எறிந்தால் விசில்

கேள்வி: மகன் கல்லூரி ரக்பி அணியில் சேர்ந்திருக்கிறான். மேட்ச் பார்க்கப் போனால் எதற்கு விசில் ஊதுகிறார்கள் என்றே தெரியவில்லை. ட்ரை, ஸ்க்ரம், ரக் என்று பக்கத்தில் கத்துகிறார்கள், நான் சும்மா கைதட்டிவிட்டு வருகிறேன்.
- வாசகி, பெரம்பூர்

பதில்: முதல் மேட்சுக்கு ஒரே ஒரு விதி போதும் அம்மா. கையால் பந்தை முன்னால் அனுப்பக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் பாஸ். முன்னேற வேண்டுமென்றால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், இல்லை உதைக்க வேண்டும். முன்னால் எறிந்தால் ஃபார்வர்டு பாஸ், கையில் பட்டு நழுவி முன்னால் விழுந்தால் நாக் ஆன். இரண்டுக்கும் பெரும்பாலும் ஸ்க்ரம்தான்: இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்து, தலை குனிந்து முட்டித் தள்ள, நடுவில் விடும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பார்கள். தப்பு செய்யாத அணிதான் பந்தை உள்ளே விடும்.

ட்ரை என்றால் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்துவது. தாண்டினால் மட்டும் போதாது, அழுத்தியே ஆக வேண்டும். 5 புள்ளி. ஆரம்ப காலத்தில் இதற்குப் புள்ளியே கிடையாதாம், கோலுக்கு, அதாவது இரு கம்பங்களுக்கு நடுவே, உதைத்துப் பார்க்க ஒரு 'முயற்சி' மட்டும்தான் கிடைக்கும், அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அந்த உதை இப்போதும் உண்டு. கன்வர்ஷன், 2 புள்ளி. ட்ரை வைத்த இடத்துக்கு நேர்கோட்டில்தான் உதைக்க வேண்டும், நடுவிலிருந்து உதைப்பது சுலபம் என்பதால், கோட்டைத் தாண்டிய பிறகும் பையன் நிற்காமல் கம்பங்களுக்கு நடுவே ஓடுவான், குழம்பாதீர்கள். பெனால்டி உதைக்கும் (எதிரணி செய்த பெரிய தப்புக்குக் கிடைப்பது), டிராப் கோலுக்கும் (ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது உதைப்பது) 3.

அப்புறம் ரக். பந்து தரையில் கிடக்க, அதன் மேல் இரு அணியும் நின்றபடி முட்டித் தள்ளினால் அது ரக். பந்து வைத்திருப்பவன் விழாமல் நிற்க, அவனை இரு அணியும் பிடித்துக் கும்பலாக நகர்ந்தால் மால். பந்து எங்கே என்று பாருங்கள், தரையா கையா, அவ்வளவுதான்.

கேள்வி: டாக்கிள் என்கிறார்களே, அது நம் கபடிப் பிடிதானே?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: பாதி சரி. தொடையைக் கட்டிச் சாய்ப்பதெல்லாம் அதேதான். ஆனால் பந்து வைத்திருப்பவனை மட்டும்தான் பிடிக்கலாம், தோளுக்கு மேல் கை போகக் கூடாது. முக்கியமாக, கீழே விழுந்தவனைக் கபடி மாதிரி அமுக்கி வைக்கக் கூடாது, உடனே விட வேண்டும். விழுந்தவனும் பந்தை விட்டாக வேண்டும். கட்டிக்கொண்டு படுத்தால் பெனால்டி.

கேள்வி: 2025இல் முதல் ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் ஜெயித்ததை டிவியில் பார்த்தேன். ஏழு பேர்தான் ஆடினார்கள். பதினைந்து பேர் இல்லையா?
- வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டும் உண்டு. பதினைந்து பேர் ஆட்டம் 80 நிமிடம். நீங்கள் பார்த்தது செவன்ஸ். வழக்கமாகப் பாதிக்கு 7 நிமிடம், ஸ்க்ரமில் மும்மூன்று பேர். 2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்ஸில் ஆடுவதும் இதைத்தான், அந்த முதல் ஆண்கள் தங்கத்தைக் குட்டி நாடான ஃபிஜி தட்டிக்கொண்டு போனது. ஆள் குறைந்தாலும் மைதானம் அதே அளவுதான். மஞ்சள் அட்டை வாங்கினால் பதினைந்தில் 10 நிமிடம் வெளியே, செவன்ஸில் 2 நிமிடம். அந்த 2 நிமிடமும் ஆறு பேர் அத்தனை இடத்தையும் காக்க வேண்டும், அப்போது போய் டீ வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.