பீப்பாய்க் கணக்குப் பார்க்காமல் காணியை ஈடு வைக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மகன் குறொய்டனில் இருந்து கணக்கீட்டுத் துறையில் பட்டம் முடித்துவிட்டு, பட்டதாரி விசாவில் மாமாவின் கடையில் மாலை வேளைகளில் நிற்கிறார். இப்போது ஒரு பப்பை, அதாவது ஆட்கள் உட்கார்ந்து பியர் குடிக்கும் மதுச்சாலையை, ஐந்து வருடக் குத்தகைக்கு எடுக்க விரும்புகிறார். அதற்காகக் கொக்குவிலில் உள்ள காணியை ஈடு வைத்துப் பணம் அனுப்பும்படி கேட்கிறார். “படித்த பிள்ளை பியர் விற்பதா?” என்பது உங்கள் முதல் கேள்வி, “அதில் உண்மையிலேயே காசு இருக்கிறதா?” என்பது இரண்டாவது. முதற் கேள்வி உங்கள் வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது என்பதால் அதற்குள் நான் நுழையவில்லை. இலண்டனில் எங்கள் சனத்தின் பிள்ளைகள் பலரைப் பல்கலைக்கழகம்வரை அனுப்பிய கடைகளின் குளிர்ப்பெட்டிகளில் பியரும் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கடையும் பப்பும் விற்பது ஒரே பொருள்தான் என்றாலும் அவை இரண்டும் வேறு வேறு தொழில்கள். மாமாவின் கடையில் இரண்டு வருடம் நின்ற அனுபவத்தை நம்பி மகன் பப்புக்குள் இறங்கினால், நெல் விதைத்துப் பழகியவர் கரைவலை இழுக்கப் போனது போல ஆகிவிடும். ஆகவே முதலில் அவருக்குத் தெரிந்த கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐந்து வீத மதுசாரம் கொண்ட 500 மில்லிலீற்றர் ரின்கள் நான்கு சேர்ந்த ஒரு பொதியை எடுத்துக்கொள்வோம். பொதியின் மேலேயே ஆறு பவுண் என்று விலை அச்சிடப்பட்டிருக்கிறது என்றும், மொத்த விற்பனை நிலையத்தின் தட்டில் அதன் விலை 4 பவுண் 20 பென்ஸ் என்றும் வைத்துக்கொள்வோம். (இவை கணக்கு விளங்குவதற்காக நான் போட்ட விலைகள்.) புதிதாகக் கடைக்கு வருபவர் இதில் ஒரு பவுண் எண்பது பென்ஸ் இலாபம் என்று நினைப்பார். ஆனால் மொத்த விற்பனை நிலையத்தில் எழுதியிருப்பது வற் எனப்படும் பெறுமதி சேர் வரி சேர்க்காத விலை. கடைத் தட்டில் இருப்பதோ 20 வீத வற் வரி சேர்ந்த விலை. ஆறு பவுணில் ஒரு பவுண் வரியாகப் போக, கடைக்காரருக்கு எஞ்சுவது எண்பது பென்ஸ்தான். அந்தக் கொள்முதல் விலைக்குள்ளும் அரசாங்கத்தின் மதுவரி ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீதப்படி, இந்த வகை ரின் பியரில் உள்ள தூய மதுசாரத்துக்கு லீற்றருக்கு 21.78 பவுண் வரி இருந்தது. அப்படிப் பார்த்தால் நான்கு ரின்களுக்கு ஏறக்குறைய 2 பவுண் 18 பென்ஸ் வருகிறது. ஆறு பவுணில் பாதிக்கு மேல் அரசாங்கத்துக்கே போய்ச் சேர்கிறது.

எஞ்சிய எண்பது பென்ஸிலிருந்துதான் வாடகை, இரவு பகலாக ஓடும் குளிர்ப்பெட்டியின் மின்சாரம், களவு போகும் ரின்கள், இரவு பதினொரு மணிவரை நிற்கும் ஆளின் சம்பளம் எல்லாம் வர வேண்டும். பெரிய சுப்பர்மார்க்கற் பதினெட்டு ரின் பெட்டியை விற்கும் விலைக்குச் சிறு கடையால் வாங்கவே முடியாமல் இருப்பதும் உண்டு. அப்படியிருந்தும் சிறு கடைகள் பியரைக் கைவிடாததற்குக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு மாமாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும்படி மகனிடம் சொல்லுங்கள். வருபவர் நான்கு ரின்னை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. உருளைக்கிழங்குப் பொரியல் இரண்டு பைகள், ஒரு லைற்றர், காலைக்கு ஒரு பால் போத்தல், முன்கூட்டியே காசு ஏற்றும் மின்சார அட்டைக்கு இருபது பவுண் என்று கூடை நிறைகிறது. சுப்பர்மார்க்கற்றில் பெட்டியாக வாங்க நினைப்பவர் இந்தக் கடைக்கு வருவதே இல்லை. இங்கு வருபவருக்கு வேண்டியது உடனே குடிக்கக்கூடிய குளிர்ந்த பியர், அதுவும் வீட்டிலிருந்து இரண்டு நிமிட நடையில். பியர் அவரைக் கடைக்குள் அழைத்து வருகிறது. காசு மற்றச் சாமான்களில் இருக்கிறது. இதை விளங்கிக்கொண்ட கடைக்காரர் குளிர்ப்பெட்டியைக் கடையின் கடைசி மூலையில் வைப்பார்.

கடையில் நிற்கும்வரை மகன் கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள் உண்டு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றால் கல்லாவில் நின்றவரே தண்டம் கட்ட நேரிடும். ஆகையால் இருபத்தைந்துக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்கும் வழக்கத்தை விடக்கூடாது. அடுத்தது, பின்வாசலில் வந்து நிற்கும் வான். வரி கட்டாத பியரைப் பாதி விலைக்குத் தருவார்கள். 2017 ஏப்ரலில் இருந்து, வரித் திணைக்களத்தில் பதிவு செய்த மொத்த வியாபாரியிடம் மட்டுமே கடைக்காரர் வாங்க வேண்டும் என்பது சட்டம். பிடிபட்டால் சரக்கு மட்டுமல்ல, கடையின் மது உரிமமே போய்விடலாம். கணக்கீடு படித்த பிள்ளையின் பெயர் அப்படி ஒரு வழக்கில் வரவே கூடாது.

இனிப் பப். முதற் பார்வைக்கு இங்கே காசு கொட்டுவதாகத்தான் தெரியும். ஐம்பது லீற்றர் பீப்பாய் ஒன்றில் 88 பைன்ற் (பப்பில் பியர் விற்கும் பெரிய கிளாஸ் அளவு) இருக்கிறது. ஒரு பைன்ற்றை 5 பவுண் 20 பென்ஸுக்கு விற்றால் வற் வரி போக 4 பவுண் 33 பென்ஸ் கிடைக்கும். திறந்த சந்தையில் அந்தப் பீப்பாயை 140 பவுணுக்கு வாங்க முடிந்தால் ஒரு பைன்ற்றின் அடக்க விலை 1 பவுண் 59 பென்ஸ்தான். கடையில் நான்கு ரின்னுக்கு எண்பது பென்ஸ் எங்கே, இங்கே ஒரு கிளாசுக்கு இரண்டே முக்கால் பவுண் எங்கே! உங்கள் மகன் பார்த்த கணக்கு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது முழுக்கணக்கு அல்ல.

விளம்பரத்தில் “குறைந்த முதலீட்டில் உங்கள் சொந்தப் பப்” என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாசகத்தைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வரும். அது பெரும்பாலும் கொள்முதல் கட்டுப்பாட்டுடன் வரும் குத்தகை. ஆங்கிலத்தில் ‘ரை’ என்பார்கள். கட்டடத்தின் சொந்தக்காரரான கம்பனியிடம் மட்டுமே, அது குறிக்கும் விலைக்கே, குத்தகைக்காரர் பியர் வாங்க வேண்டும். இந்த வழக்கம் இங்கிலாந்தில் மிகப் பழையது. ஒருகாலத்தில் பியர் தயாரிக்கும் கம்பனிகளே பப்களையும் வைத்திருந்தன. 1989இல் அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்து, 2000 பப்களுக்கு மேல் வைத்திருந்த தயாரிப்பாளர்கள் மேலதிகமானவற்றில் பாதியைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. அவர்கள் பப்களை விற்றார்கள். வாங்கியவை பியரே தயாரிக்காத புதிய சொத்துக் கம்பனிகள். கட்டுப்பாடு அவற்றின் கைக்குப் போனதே தவிர மறையவில்லை. பல பப்களில் பியர் ஓடும் குழாயில் அளவுமானி பொருத்தியிருப்பார்கள். வெளியே மலிவாக ஒரு பீப்பாய் வாங்கி மாட்டினால் கம்பனிக்குத் தெரிந்துவிடும்.

அதே பீப்பாயைக் கம்பனி 195 பவுணுக்குத் தருகிறது என்று கொள்வோம். 88 பைன்ற்றில் ஐந்து பைன்ற் நுரையிலும் குழாய் கழுவுவதிலும் போய்விடும் என்றும் வைத்துக்கொள்வோம். குழாயை வாரம் ஒரு தடவை கழுவ வேண்டும். கழுவும்போது அதற்குள் நிற்கும் பியர் முழுவதும் தொட்டியில்தான் ஊற்றப்படும். 83 பைன்ற் விற்றால் வரும் தொகை ஏறக்குறைய 360 பவுண். திறந்த சந்தைக் கொள்முதலில் மொத்த இலாபம் 220 பவுண், கட்டுப்பாட்டுக் கொள்முதலில் 165 பவுண். ஒரு பீப்பாய்க்கு ஐம்பத்தைந்து பவுண் வித்தியாசம். வாரம் ஆறு பீப்பாய் விற்கும் சாதாரணப் பப்பில் அது வருடத்துக்குப் பதினேழாயிரம் பவுணைத் தாண்டுகிறது. உங்கள் மகன் தனக்குச் சம்பளமாக எடுக்க நினைத்திருக்கும் தொகையில் பெரும் பங்கு இதுவாக இருக்கக்கூடும். இதற்கு ஈடாக வாடகையைக் குறைத்திருக்கிறோம் என்று கம்பனி சொல்லும். அது உண்மையாகவும் இருக்கலாம். எவ்வளவு குறைத்தார்கள் என்பதைத்தான் எழுத்தில் கேட்க வேண்டும்.

சம்பளக் கணக்கும் இப்படித்தான். 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுணாக உயர்ந்தது. ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தேசியக் காப்புறுதிப் பங்கும் அதே மாதம் 15 வீதமாகக் கூடியது. கட்டுப்பாட்டுப் பப்பில் ஒரு பைன்ற்றுக்கு மிஞ்சுவது இரண்டு பவுண் என்றால், செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு நிற்கும் ஒரேயொரு ஊழியரின் சம்பளத்துக்கே மணிக்கு ஏழு பைன்ற் விற்க வேண்டும். அந்த நேரத்தில் மகன் அந்தப் பப்புக்குள் போய் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கட்டும். சனிக்கிழமை போய்ப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை எல்லாப் பப்பும் நிறைந்துதான் இருக்கும்.

ஆகவே பியரை மட்டும் நம்பும் பப் நிலைப்பது கடினம். பேர்மிங்காமுக்கு அண்மையிலுள்ள ஸ்மெத்திக், வெஸ்ற் புறொம்விச் பகுதிகளில் பஞ்சாபிகள் நடத்தும் பப்களுக்கு ‘தேசி பப்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆலைத் தொழிலாளர் குடித்த பழைய பப்களை எடுத்து, அடுப்பில் சுட்ட இறைச்சித் தட்டுகளை வைத்துக் குடும்பங்களையும் உள்ளே வரவழைத்தார்கள். அங்கே ஆட்களைக் கூட்டுவது சமையலறை. உங்கள் மகனின் திட்டத்தில் சமையலறை பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தேன்.

விசா விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதில் வாதாட இடமில்லை. அவருக்குக் கிடைத்திருப்பது இரண்டு வருட விசா. அதில் சுயதொழில் செய்யலாம், ஆனால் அதை நீடிக்க முடியாது. மது விற்பனைக்கான தனிநபர் உரிமத்துக்குக் கட்டணம் 37 பவுண்தான், பயிற்சியும் ஒரு நாள்தான். ஆனாலும் நாட்டில் வேலை செய்யும் உரிமை முடியும் அன்று அந்த உரிமமும் செல்லாது போய்விடும். இரண்டு வருட விசாவை வைத்துக்கொண்டு ஐந்து வருடக் குத்தகையில் கையெழுத்திடுவதை நான் எந்தப் பிள்ளைக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் அவர் என்ன செய்யலாம்? இந்தத் தொழிலில் அவருக்கு உண்மையான விருப்பம் இருப்பது தெரிகிறது, அதை அணைக்க வேண்டியதில்லை. அவருடைய படிப்புக்கு இதற்குள்ளேயே பொருந்தும் ஒரு வேலை உண்டு. எங்கள் பிள்ளைகளில் மிகச் சிலருக்குத்தான் அது தெரியும். பப்களின் கையிருப்பைக் கணக்கெடுக்கும் வேலை, ‘ஸ்ரொக்ரேக்கர்’ என்பார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பிள்ளை இப்போது அதைச் செய்கிறார். ஒருநாள் அவருடன் ஒரு பப்பின் நிலக்கீழ் அறைக்குப் போயிருந்தேன். திறந்த பீப்பாய்களை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி, வெறும் பீப்பாயின் நிறையைக் கழித்து, மிச்சத்தைப் பைன்ற்றாக மாற்றி எழுதினார். பிறகு கல்லாக் கணக்குடன் ஒப்பிட்டபோது, ஒரே மாதத்தில் ஒரு வகைப் பியரில் நாற்பத்தெட்டு பைன்ற் காணவில்லை. யாரோ ஊழியர் காசு எடுக்கிறார் என்று உரிமையாளர் முகம் சிவந்தார். இந்தப் பிள்ளை எதுவும் பேசாமல் மேலே போய், அதே குழாயில் மூன்று கிளாஸ் ஊற்றச் சொல்லிப் பார்த்தார். மூன்றிலும் பாதி நுரை. குளிரூட்டி பழுதாகி இருந்தது. ஊழியர்கள் நுரையை வழித்து வழித்துக் கீழ்த் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாதம் இருநூறு பவுண் விற்பனை அந்தத் தட்டில் வடிந்திருக்கிறது.

இந்த வேலையில் ஒரு வருடம் இருந்தால் மற்றவர்கள் நடத்தும் நாற்பது ஐம்பது பப்களின் உட்கணக்கை அவர் காண்பார். எது உழைக்கிறது, எது மூடப்போகிறது, ஏன் என்பது காணியை ஈடு வைக்காமலே தெரிந்துவிடும். சம்பளம் தொடக்கத்தில் பெரிதாக இராது. விசாவை நீடிக்க அனுசரணை தரும் தொழில் வழங்குநர் வேண்டுமென்றால் கணக்காய்வு நிறுவனங்களுக்கும் பக்கத்திலேயே விண்ணப்பித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் அந்தப் பப்தான் வேண்டும் என்று மகன் நின்றால், பணம் அனுப்புமுன், வருடத்துக்கு எத்தனை பீப்பாய் விற்றது என்று காட்டும் மூன்று வருடப் பீப்பாய்க் கணக்கையும், இப்போதைய கொள்முதல் விலைப்பட்டியலையும், குத்தகைப் பத்திரத்தில் பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்று சொல்லும் பகுதியையும் கம்பனியிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கூரை ஒழுகினால் குத்தகைக்காரரே திருத்த வேண்டும் என்று எழுதிய பத்திரங்கள் பல உண்டு. 500 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுப்பாட்டுப் பப்கள் வைத்திருக்கும் கம்பனி என்றால், 2016இல் வந்த பப் ஒழுங்குவிதிகளின்படி இத்தகைய விபரங்களைத் தரும் கடமை அதற்கு உண்டு. வாடகை மறுமதிப்பீட்டின்போது கட்டுப்பாட்டை நீக்கி, சந்தை வாடகை மட்டும் கட்டும் தெரிவைக் கோரும் உரிமையும் குத்தகைக்காரருக்கு உண்டு. சிறிய கம்பனி என்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் பார்த்திருக்கும் பப் எந்த வகைக் கம்பனிக்குச் சொந்தமானது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதை முதலில் விசாரித்து எழுதுங்கள். பத்திரங்கள் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை காணி உறுதி உங்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும்.