தடமில்லாத பாலைச் சிகரம்: இருவருக்கு ஓர் அவசரக் கருவி போதுமா?

கேள்வி: நானும் என் நண்பரும், ஒற்றையடிப் பாதைகூட இல்லாத, கைபேசிச் சிக்னல் எட்டாத பாலைவனப் பகுதியில் உள்ள ஒரு சிகரத்தில் ஏறத் திட்டமிட்டுள்ளோம். செலவைப் பகிர்ந்துகொண்டு இருவருக்குமாக ஓர் அவசரத் தொடர்புக் கருவி வாங்கினால் போதுமா? செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும், சந்தா கட்ட வேண்டிய சாட்டிலைட் மெசஞ்சர் நல்லதா, அபாயச் செய்தி மட்டும் அனுப்பும், சந்தா இல்லாத பி.எல்.பி. நல்லதா? தண்ணீர் வடிகட்டியும் நீர்புகாத காலணியும் அவசியம் என்று கடைக்காரர் சொல்வது சரியா?

பதில்: கடைசிவரை இருவரும் ஒருவரையொருவர் பார்வையில் வைத்துக்கொண்டே நடப்பதாக இருந்தால் ஒரு கருவி போதும். ஒருவர் அடிவாரத்தில் காத்திருக்க மற்றவர் மட்டும் உச்சிக்குச் செல்லும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், கருவி யாரிடம் இல்லையோ அவருக்கு அது வாங்கப்படாததற்குச் சமம். அப்போது இரண்டு வாங்குங்கள், அல்லது பிரியாமல் செல்லுங்கள்.

பி.எல்.பி. என்பது 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுச் செயற்கைக்கோள் அமைப்புக்கு அபாயச் செய்தி அனுப்பும் சிறு கருவி. அதன் அலைபரப்பு வலுவானது; ஒருமுறை இயக்கினால் குறைந்தது 24 மணி நேரம் சமிக்ஞை அனுப்பும். ஆனால் அது யாருடைய கருவி, எங்கே இருக்கிறது, 'ஆபத்து' என்பவற்றை மட்டுமே சொல்லும். என்ன நேர்ந்தது, எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை விளக்க வழியில்லை. சாட்டிலைட் மெசஞ்சரிலோ குறுஞ்செய்தியை அனுப்பவும் பெறவும் முடியும். தடமில்லாத மலையில் நேரும் சிக்கல்களில் பல உயிராபத்து அளவுக்குப் போவதில்லை: கணுக்கால் சுளுக்குகிறது, இறங்க நினைத்த ஓடை செங்குத்துப் பாறையில் முடிகிறது, திரும்புவது ஒரு நாள் தள்ளிப்போகிறது. வீட்டிலிருப்பவர்கள் பதறிப்போய் மீட்புக் குழுவை அழைக்காமலிருக்க அப்போது ஒரு வரிச் செய்தியே போதும் என்பதால், உங்களைப் போன்ற இருவருக்கு மெசஞ்சரையே பரிந்துரைப்பேன்.

விலைச்சீட்டை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். மெசஞ்சருக்குச் சந்தாவும், சில திட்டங்களில் தொடக்கக் கட்டணமும் உண்டு. பயணமில்லாத மாதங்களில் நிறுத்திவைக்க முடியுமா, மீண்டும் தொடங்கப் பணம் கேட்பார்களா என்பதைப் படித்துப் பார்த்து, ஐந்தாண்டுச் செலவாகக் கணக்கிடுங்கள். எப்போதாவது ஒருமுறை மட்டுமே செல்பவருக்கு அந்தக் கணக்கில் பி.எல்.பி. மலிவாக அமையலாம். சந்தா யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய குடும்பத்தின் எண் மட்டுமே அவசரத் தொடர்பாகப் பதிவாகிவிடாமல், இருவர் வீட்டு எண்களையும் சேர்த்துவிடுங்கள். அவசர உதவி கோரும் எஸ்.ஓ.எஸ். பொத்தானை இயக்க நண்பருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் வானம் குறுகலாகத் தெரியுமிடத்தில் செய்தி போய்ச்சேரத் தாமதமாகும். பல மெசஞ்சர்கள் பயன்படுத்தும் இரிடியம் என்ற வலையமைப்பின் செயற்கைக்கோள்கள் வானில் நகர்ந்துகொண்டே இருப்பதால், சற்றுப் பொறுத்தால் பெரும்பாலும் இணைப்புக் கிடைத்துவிடும். கருவியைத் தோள்பட்டையிலோ சட்டைப்பையிலோ வைத்திருங்கள். கடைசிப் பாறை ஏற்றத்துக்குமுன் கழற்றி வைக்கும் முதுகுப்பையில் அதைப் போடுவது வீண். சில நாடுகளில் உரிமமின்றிச் செயற்கைக்கோள் கருவி வைத்திருப்பதே குற்றம் என்பதால், செல்லும் நாட்டின் விதியை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள்.

2022-இல் வந்த ஐபோன் 14 முதல் சில கைபேசிகளிலும் செயற்கைக்கோள்வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி உண்டு. ஆனால் அந்தச் சேவை எல்லா நாடுகளிலும் இல்லை; மேலும் அதே கைபேசிதான் உங்கள் வரைபடமாகவும் கேமராவாகவும் இருந்து பேட்டரியைத் தீர்க்கும். அதை மாற்று ஏற்பாடாக மட்டும் கருதுங்கள்.

வடிகட்டியைப் பொறுத்தவரை கடைக்காரருடன் நான் உடன்படவில்லை. வழியில் ஊற்றோ சுனையோ உறுதியாக இல்லாதபோது வடிகட்ட எதுவும் இருக்காது. ஊற்று இருந்தாலும், சாதாரண வடிகட்டி கிருமிகளைத் தடுக்குமே தவிர, கரைந்துள்ள உப்பை நீக்காது. வெப்பத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் தேவை, அதாவது 4 கிலோ எடை. எனவே அந்தப் பணத்தை நல்ல தண்ணீர்ப் பாத்திரங்களுக்கும் எடை தாங்கும் முதுகுப்பைக்கும் செலவிடுங்கள். குழாய் பொருத்திய நீர்ப்பை வசதியானதுதான், ஆனால் ஒரு முள் குத்தினால் அதிலுள்ள தண்ணீர் முழுவதும் போய்விடும். ஆளுக்குப் பாதியையாவது கெட்டியான புட்டிகளில் பிரித்து எடுத்துச் செல்லுங்கள்.

நீர்புகாத சவ்வு வைத்த காலணி வியர்வையை உள்ளேயே தேக்கிக் கொப்புளத்துக்கு வழிசெய்யும். சரளைச் சரிவுக்குத் தேவையானவை விறைப்பான அடிப்பகுதி, விரல்களைக் காக்கும் முன்புறம், மணல் புகாமல் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் உறை ஆகியவையே. வெப்பத்தில் பாதம் வீங்கும் என்பதால் மாலை நேரத்தில், அணியப்போகும் காலுறையுடன் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பயன்படுத்திய கருவியாக வாங்கினால் செலவு குறையுமா?

பதில்: மெசஞ்சரில் குறையலாம். முந்தைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து அதை நீக்கி, உங்கள் பெயரில் இயக்கிக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். பி.எல்.பி.யில் பேட்டரியின் காலாவதித் தேதியையும் முத்திரை உடையாமல் இருப்பதையும் முதலில் பாருங்கள்; பேட்டரியை மாற்றுவது பெரும்பாலும் தயாரிப்பாளரின் சேவை மையத்தில்தான் என்பதால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டுங்கள். பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். கருவி எந்த நாட்டைச் சேர்ந்தது என்று காட்டும் குறியீடு வேறொரு நாட்டுடையதாக இருந்தால் மறுகுறியீடு செய்ய வேண்டிவரும். அதற்குச் செலவாகும் தொகையைக் கேட்டறிந்த பின் பேரத்தைத் தொடங்குங்கள்.