டென்ட்டுக்குள்ள ஈரம், பிள்ளைங்களுக்குத் தூக்கமில்ல: மறுபடி போகலாமா?

ஒன்பது வயசு, மூணு வயசுப் பிள்ளைங்களோட டென்ட் போட்டுத் தங்கினோம், மழையே பெய்யல, ஆனா விடியும்போது டென்ட்டுக்குள்ள எல்லாம் நனைஞ்சிருந்துச்சு, பிள்ளைங்க தூங்கவே இல்ல, மறுபடி போகலாமான்னு எழுதியிருக்கீங்க. அது ஒழுகல் இல்ல, நீங்க நாலு பேரும் விட்ட மூச்சு. கொசுவுக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் மூடினா, அந்த ஈரம் குளிர்ந்த துணியில பட்டுத் தண்ணியா வடியும். கொசுவலையை மட்டும் மூடிட்டு, எதிரெதிரா ரெண்டு ஜன்னல் துணியைத் திறந்து விடுங்க. டென்ட்டுக்கு மேல போர்த்துற மேல்விரிப்பை இழுத்துக் கட்டணும். தளர்ந்து உள்துணியைத் தொட்டா திரும்பவும் அதே கதைதான். அடியில விரிக்கிற தார்ப்பாய் டென்ட்டை விட நாலு விரல் உள்ளடங்கியே இருக்கட்டும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா, வழியிற தண்ணியை ஏந்தி நேரா உங்க முதுகுக்கடியில கொண்டு சேர்த்துடும்.

அடுத்த தடவை ரப்பர் தோட்டம் வேண்டாம். பால் எடுக்குற சிரட்டையில தண்ணி தேங்குனா கொசுவுக்குக் கொண்டாட்டம். தென்னை மரத்தடி அதைவிட மோசம், மட்டை விழுந்தா துணிக்கூரை தாங்குமா? கடற்கரை மணல்ல டென்ட் ஆணி நிக்காது; சாக்குல மணல் நிரப்பி, கயித்தை அதுல கட்டி, ஒன்றரை அடி ஆழத்துல புதைங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல பேச்சிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டுக்குள்ளன்னா வனத்துறை அனுமதி இல்லாம ராத்தங்கல் கிடையாது.

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டுங்கிறதால ஜனவரி கடைசி, பிப்ரவரிதான் தோது.

இவ்வளவு பாடுபட்டுப் போறது பிரயோஜனமான்னா, ஒன்பது வயசுப் பிள்ளைக்கு நிச்சயமா. மூணு வயசுக்கு ஒரு ராத்திரிக்கு மேல வேண்டாம். அதுக்கும் முன்னால மொட்டைமாடியில டென்ட் போட்டுப் படுக்க வச்சுப் பாருங்க. அங்கேயே அழுதா, பயணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க.