மொழி கற்போர் கேள்விகள்: ஒன்றையொன்று இடிக்கும் சொற்கள்

கேள்வி: மூன்று வருடம் ஜெர்மன் படித்தேன். இப்போது பிரெஞ்சு. 'ஆனால்' என்று சொல்ல வாயைத் திறந்தால் 'மே' வருவதற்குப் பதில் ஜெர்மனின் 'ஆபர்' வந்து விழுகிறது. தமிழ் வருவதில்லை, ஆங்கிலமும் வருவதில்லை. இது என்ன கோளாறு?

பதில்: கோளாறு இல்லை. மூன்றாம் மொழி கற்பவர்களிடம் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான். சாரா வில்லியம்ஸ், பியோர்ன் ஹம்மார்பெர்க் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் கற்பவரே வில்லியம்ஸ்தான். தாய்மொழி ஆங்கிலம், சரளமான இரண்டாம் மொழி ஜெர்மன், புதிதாகக் கற்றது ஸ்வீடிஷ். சொல் தெரியாமல் எதிராளியிடம் விளக்கம் கேட்கும்போது ஆங்கிலத்துக்குத் தாவினார். ஆனால் ஸ்வீடிஷ் வாக்கியத்தின் நடுவே, அவர் அறியாமலே நுழைந்தவை பெரும்பாலும் ஜெர்மன் சொற்கள்.

தாய்மொழியை 'இது அந்நிய மொழி இல்லை' என்று மூளை எளிதாக ஒதுக்கிவிடுகிறது; பிறகு கற்ற மொழிகளெல்லாம் ஒரே கூடையில் கிடக்கின்றன என்பது ஒரு விளக்கம். இரு மொழிகளின் நெருக்கம், எதைச் சமீபத்தில் அதிகம் பேசினோம் என்பதும் சேர்ந்துகொள்ளும். முக்கியமாகக் கவனியுங்கள்: உங்களை மாட்டிவிடுவது 'மேசை', 'ரயில்' போன்ற சொற்கள் அல்ல, 'ஆனால்', 'ஏனென்றால்', 'பிறகு' போன்றவை. பேசும்போது நம் கவனமெல்லாம் சொல்லவந்த விஷயத்தில் இருக்கிறது. இணைப்புச் சொற்களைக் காவல் காக்க ஆள் இல்லை.

ஆகவே இலக்கணத்தை முதலிலிருந்து படிக்க வேண்டாம். பிரெஞ்சு இணைப்புச் சொற்களில் பத்தை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம், தினம் ஐந்து நிமிடம், வாய்விட்டு, நிறுத்தாமல். தாளில் எழுதிப் பார்த்தால் பலன் குறைவு. தப்பு நடப்பது வேகமாகப் பேசும்போதுதான். பேசத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பிரெஞ்சு மட்டும் கேளுங்கள். கலப்புக்குப் பயந்து ஜெர்மனை மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள், அது மறந்துபோகும். வேறு வேளையில் படித்தால் போதும்.

கேள்வி: பாடப்புத்தகத்தில் நிறங்கள் ஒரு பக்கம், உறவுமுறைகள் ஒரு பக்கம். ஒரே நாளில் பன்னிரண்டு நிறங்களைப் படித்தேன். மறுநாள் பச்சையும் நீலமும் குழம்புகின்றன.

பதில்: குற்றம் புத்தகத்தின் மேல். ஒரே இனச் சொற்களைக் கூட்டமாகப் படித்தால் அவை ஒன்றையொன்று இடிக்கும் என்பதை 1990-களிலேயே டிங்கம் என்ற ஆய்வாளர் சோதனைகளில் காட்டினார். இனம் வேறாக இருந்தாலும் ஒரே காட்சியில் வரும் சொற்கள் (தவளை, குளம், தாவு, வழுக்கும்) அப்படி இடிப்பதில்லை. அப்படியும் பாடநூல்கள் பட்டியலை விடவில்லை. அச்சடிக்க வசதி போலும்!

ஒரு நாளைக்கு எட்டுச் சொற்கள் போதும். அதில் நிறம் ஒன்றே ஒன்று. எதிர்ச்சொல் இணைகளிலும் இதே கதை. 'இடது' மனதில் உறுதியானபின், ஒரு வாரம் கழித்து 'வலது' படியுங்கள். மீள்பார்வையில் பட்டியலை வாசிக்காதீர்கள். பொருளை மட்டும் பார்த்து, சொல்லை மூடிவைத்து நினைவுகூருங்கள்: மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் காட்டியது இது: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி வாசித்தவர்கள் முந்தினர், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தம்மைத் தாமே சோதித்தவர்கள் முந்தினர். வாசித்த கையோடு 'எல்லாம் தெரிகிறது' என்று தோன்றுவதை நம்பக்கூடாது.

கேள்வி: வயது 41. இனி புதுமொழி ஏறுமா?

பதில்: ஏறும். நெதர்லாந்தில் குடியேறி டச்சு கற்ற, ஆங்கிலம் பேசுவோரை 1978-இல் ஸ்நோ, ஹூஃப்நாகல்-ஹோலே இருவரும் ஆராய்ந்தனர். தொடக்க மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பதின்பருவத்தினரும் பெரியவர்களும்தான், சின்னக் குழந்தைகள் அல்ல. நீண்ட ஓட்டத்தில், குறிப்பாக உச்சரிப்பில், சிறுவயதில் தொடங்கியவர்களுக்கே மேல்கை. ஏறத்தாழ 6.7 லட்சம் பேரின் விடைகளை அலசிய 2018 ஆய்வு, இலக்கணம் கற்கும் திறன் 17 வயதை ஒட்டிச் சரியத் தொடங்குவதாகக் கணித்தது. அந்த எண்ணைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. அடுத்த கேள்விக்கான பதிலையும் படியுங்கள், உங்களுக்கும் உதவும்.

கேள்வி: இரண்டு ஒலிகள் என் காதுக்கு ஒரே மாதிரி கேட்கின்றன. ஆசிரியர் எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை.

பதில்: ஆசிரியர் ஒருவரே சொல்வதுதான் சிக்கல். ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைப் பிரித்தறியத் திணறும் ஜப்பானியர்களுக்கு 1991-இல் லோகன், லைவ்லி, பிசோனி பயிற்சி அளித்தனர். ஒலி ஒன்று மட்டும் மாறும் சொல் இணைகள், 5 பேரின் குரல்கள், 15 அமர்வுகள். அடையாளம் காண்பது தெளிவாக மேம்பட்டது. பின்னர் ஒரே குரலில் பழக்கியபோது, புதிய ஆள் பேசினால் அந்தத் தேர்ச்சி கைகொடுக்கவில்லை.

வீட்டில் செய்ய, இருபது இணைகளை நான்கைந்து பேர் குரலில் பதிவுசெய்து, கலைத்துப் போடுங்கள். கேட்டதும் எந்தச் சொல் என்று தேர்ந்தெடுங்கள். சரியா தவறா என்பது உடனே தெரிய வேண்டும். பத்துச் சொல் முடியும்வரை விடைக்குக் காத்திருக்க வேண்டாம். தினம் இருபது நிமிடம், மூன்று வாரம். அதுவரை உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இதே வகைப் பயிற்சியில் காது பழகியவர்களின் உச்சரிப்பும், தனியாகப் பயிற்றுவிக்காமலே, ஓரளவு திருந்தியிருக்கிறது.