குழுவுக்காக கிளெரிக் எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட, தோழிகள் மூன்று பேர் என்னையும் அழைத்திருக்கிறார்கள். ஒருத்தியின் அண்ணன்தான் கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் (டி.எம்.). 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை வைத்து முதல் லெவலில் இருந்து தொடங்குகிறோம். அவர்கள் ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (மறைந்து தாக்குபவர்), பார்பேரியன் (முரட்டுப் போராளி) எடுத்துவிட்டார்கள். ‘நீ கிளெரிக் எடு, எங்களுக்குக் காயம் ஆற்ற ஆள் வேண்டும்’ என்கிறார்கள். எனக்கோ ஃபயர்பால் என்ற தீ மந்திரம் வீச ஆசை. ஆனால் மந்திரவாதிகளான விசார்டு, சோர்சரர், வார்லாக் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்றே புரியவில்லை. விதிகளைப் படிக்கப் பிடிக்கும். எல்லோர் முன்னாலும் நடித்துப் பேசத்தான் கூச்சம். எதை எடுப்பது, எப்படி உருவாக்குவது?
– வாசகி, சேலம்

பதில்: விசார்டு எடுங்கள். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்லும் முன் கிளெரிக் விஷயத்தை முடித்துவிடலாம்.

கிளெரிக் மிக நல்ல கிளாஸ், அதாவது பாத்திர வகை. கவசம் போடலாம், கேடயம் பிடிக்கலாம். தன் பட்டியலில் உள்ள மந்திரங்களில் அன்றன்றைக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆசைப்பட்டு எடுக்கிறவருக்கு அது பெரிய சுகம். கடமைக்காக எடுத்தால் வாராவாரம் அடுத்தவரின் உயிர் அளவான ஹிட் பாயிண்ட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கொஞ்ச நாளில் ஆட்டத்துக்கு வராமல் இருக்கக் காரணம் தேடத் தொடங்குவீர்கள். அது குழுவுக்கும் நல்லதில்லை.

காயம் ஆற்ற ஆள் இல்லாமலும் இந்தப் பதிப்பை ஆட முடியும். ஒரு மணி நேர ஓய்வில் அவரவர் ஹிட் டைஸ் என்ற பகடைகளை உருட்டி உயிரை ஏற்றிக்கொள்ளலாம். ஓர் இரவு தூங்கி எழுந்தால் ஹிட் பாயிண்ட் முழுவதும் திரும்பிவிடும். ஃபைட்டருக்குத் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் செகண்ட் விண்ட் இருக்கிறது. ஹீலிங் போஷன் என்ற மருந்து ஒன்று 50 பொற்காசு, குடித்தால் 2டி4+2 (நான்கு முகப் பகடை இரண்டை உருட்டி 2 கூட்டிய தொகை) ஏறும். ஹீலர்ஸ் கிட் 5 பொற்காசுதான். உயிர் ஊசலாடும் ஒருவரைப் பகடை உருட்டாமலே அதைக்கொண்டு நிலைப்படுத்தலாம், பத்து முறை வரும். ஆளுக்கொன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிளெரிக் இல்லாததால் நீங்கள் உண்மையில் இழப்பது ஹீலிங் வேர்டு என்ற மந்திரத்தைத்தான். 60 அடி தள்ளி நின்றபடியே, விழுந்து கிடக்கும் தோழியை எழுப்பும் மந்திரம் அது. அந்தக் குறை சில சண்டைகளில் நன்றாகவே தெரியும். அதனால் டி.எம்.மிடம் முதலிலேயே பேசி, ஆரம்ப லெவல்களில் சில போஷன்கள் கையில் கிடைக்கும்படி செய்யச் சொல்லுங்கள். நல்ல டி.எம். மறுக்க மாட்டார்.

சரி, இப்போது மற்ற மூன்று. சோர்சரருக்கு மந்திரம் பிறவியிலேயே வருவது. படிக்க ஒன்றுமில்லை, அதனால் புதியவர்களுக்கு எளிது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் லெவலில் சிறு மந்திரங்களான கேன்ட்ரிப் போக அவருக்குத் தெரிந்த மந்திரம் இரண்டே இரண்டு. ஒன்றைத் தவறாக எடுத்துவிட்டால் அடுத்த லெவல் வரை அதோடுதான் காலம் தள்ள வேண்டும். எந்த மந்திரம் உதவும் என்று ஏற்கெனவே அனுபவப்பட்டவருக்குத்தான் அது எளிது. வார்லாக் ஒரு பெரும் சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெற்றவர். எல்ட்ரிச் பிளாஸ்ட் என்ற கேன்ட்ரிப் ஒன்றே அவரைச் சண்டையில் காப்பாற்றும். ஃபீண்ட் என்ற தீய சக்தியோடு ஒப்பந்தம் போட்டால் பின்னால் ஃபயர்பாலும் கிடைக்கும். ஆனால் மந்திரம் போடச் செலவாகும் ஸ்பெல் ஸ்லாட் முதல் லெவலில் ஒன்று, இரண்டாம் லெவலில் இருந்து பத்தாம் லெவல் வரை இரண்டு. ஒரு மணி நேரக் குறு ஓய்வோ இரவுத் தூக்கமோ எடுத்தால்தான் அவை திரும்பும். அடிக்கடி ஓய்வெடுக்காத குழுவில் வார்லாக் வாடிப்போவார்.

இதையெல்லாம் விட உங்களுக்கு முக்கியமான விஷயம் வேறு. சோர்சரர், வார்லாக் இருவரின் மந்திரமும் ஆளைக் கவரும் திறனான கரிஸ்மாவில் ஓடுகிறது. வாயிற்காவலனைச் சமாளிக்க வேண்டும், வணிகரிடம் பேரம் பேச வேண்டும் என்று வந்தால், கரிஸ்மா யாரிடம் அதிகமோ அவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஃபைட்டரும் பார்பேரியனும் ரோகும் இருக்கும் உங்கள் குழுவில் அது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருக்கும். வாய் திறக்கக் கூச்சப்படுகிறவருக்கு ஒவ்வொரு வாரமும் அது ஒரு சோதனை.

விசார்டின் மந்திரம் அறிவுத் திறனான இன்டெலிஜென்ஸில் ஓடுகிறது. சுவரில் செதுக்கிய எழுத்து என்ன, இந்தச் சின்னம் எந்த அரச குலத்துடையது என்ற கேள்விகள் வரும்போதுதான் உங்கள் முறை வரும். பகடை உருட்டி, டி.எம். சொல்வதைத் தோழிகளிடம் சொன்னால் போதும். யாரிடமாவது பேச வேண்டி வந்தாலும் குரலை மாற்றி நடிக்கத் தேவையில்லை. ‘என் ஆள் அவரிடம் வழி கேட்கிறாள்’ என்று சொல்வதும் முழுமையான ஆட்டம்தான்.

ஆளை உருவாக்குவோம். 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களை ஆறு திறன்களுக்குப் பிரித்துப் போடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இனத்துக்கு ராக் நோம். இன்டெலிஜென்ஸில் 2, உடல் உறுதியான கான்ஸ்டிடியூஷனில் 1 கூடும். 15-ஐ இன்டெலிஜென்ஸுக்கும் 14-ஐ டெக்ஸ்டெரிட்டிக்கும் (சுறுசுறுப்பு) 13-ஐ கான்ஸ்டிடியூஷனுக்கும் கொடுத்தால் முறையே 17, 14, 14 வரும். 12 விஸ்டமுக்கு (விவேகம்), 10 கரிஸ்மாவுக்கு, 8 ஸ்ட்ரெங்த்துக்கு (உடல் பலம்). ஹிட் பாயிண்ட் 8தான், எனவே பார்பேரியனுக்குப் பின்னால் நில்லுங்கள். கான்ஸ்டிடியூஷனை மட்டும் குறைக்காதீர்கள். போகப் போக நீங்கள் எடுக்கும் நல்ல மந்திரங்கள் பலவற்றுக்கு கான்சென்ட்ரேஷன், அதாவது இடைவிடாத கவனம் வேண்டும். அடி விழும்போது அதைத் தக்கவைக்க உருட்டுவது கான்ஸ்டிடியூஷன் பகடை. குறைந்தது 10 எடுக்க வேண்டும். பட்ட அடியில் பாதி 10-ஐத் தாண்டினால் அந்த அளவுக்கு எடுக்க வேண்டும்.

கேன்ட்ரிப் மூன்று. ஃபயர் போல்ட் 120 அடி வரை பாயும், 1டி10 சேதம், எத்தனை முறையும் போடலாம். மற்ற இரண்டும் சண்டைக்கு வெளியே உதவுபவையாக இருக்கட்டும். மேஜ் ஹேண்டும் (மாயக் கை) மைனர் இல்யூஷனும் (சிறு மாயத் தோற்றம்) என் தேர்வு. தாக்கும் கேன்ட்ரிப் மூன்றையும் அள்ளிக்கொள்கிறவர்கள் சண்டை இல்லாத நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் மந்திரப் புத்தகம். முதல் லெவலில் அதில் ஆறு மந்திரங்கள் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்குத் தயார் செய்ய முடிவது உங்கள் லெவலான 1-ஓடு, இன்டெலிஜென்ஸ் 17-க்கான கூட்டெண் 3-ஐச் சேர்த்து நான்குதான். இங்கேதான் விசார்டின் சூட்சுமம் இருக்கிறது. ரிச்சுவல் என்று குறித்த மந்திரங்களைத் தயார் செய்யாமலே, ஸ்லாட் செலவழிக்காமலே, புத்தகத்தைப் பார்த்துப் போடலாம். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். எனவே ஆறில் இரண்டை ரிச்சுவலாக எடுங்கள்: டிடெக்ட் மேஜிக் (மந்திரத்தைக் கண்டறிவது), ஃபைண்ட் ஃபெமிலியர் (துணை விலங்கை அழைப்பது). இரண்டாவதற்கு 10 பொற்காசு மதிப்புள்ள பொருள்கள் எரிய வேண்டும். பதிலுக்கு உங்களுக்கென்று ஓர் ஆந்தை வரும். அது தாக்காது, ஆனால் பறந்து போய் உதவி செய்துவிட்டு அடி வாங்காமல் திரும்பும். அந்த உதவியால் ரோகுக்கு அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைக்கும், அதோடு கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக்கும் கிடைக்கும். கிளெரிக் கேட்ட அதே தோழி அப்புறம் ஆந்தையைத்தான் கேட்பாள்.

மற்ற நான்கு: ஸ்லீப், ஷீல்டு, மேஜ் ஆர்மர் (மாயக் கவசம்), மேஜிக் மிஸைல் (மாய அம்பு). ஆரம்பத்தில் ஸ்லீப்புக்கு இணையாக எதுவும் இல்லை. 5டி8 உருட்டி வரும் தொகைக்கு உட்பட்டு, குறைந்த ஹிட் பாயிண்ட் உள்ளவரில் தொடங்கி ஒவ்வொருவராகத் தூங்கிப்போவார்கள். தப்பிக்க எதிரிக்குப் பகடை கிடையாது. காப்ளின் என்ற சிறு எதிரி ஒன்றுக்கு 7 ஹிட் பாயிண்ட் என்பதால் சராசரியாக மூன்று காப்ளின்கள் ஒரே வீச்சில் விழும். மந்திரம் விழும் வட்டத்துக்குள் தோழிகள் நின்றால் அவர்களும் தூங்கக்கூடும், போடும் முன் பாருங்கள். ஐந்தாம் லெவலை நெருங்கும்போது எதிரிகளின் ஹிட் பாயிண்ட் ஏறிவிடும், அப்போது இதைத் தயார் செய்வதை விட்டுவிடலாம். ஷீல்டு உங்கள் மேல் அடி விழும் நொடியில், எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்ணான ஆர்மர் கிளாஸை 5 கூட்டும். ஸ்லாட் உங்களிடம் இரண்டுதான், குறு ஓய்வில் ஆர்கேன் ரெகவரி என்ற விசார்டு திறன் மூலம் இன்னொன்று திரும்பும். ஆக முதல் லெவலில் மேஜ் ஆர்மரைத் தினமும் போட வேண்டாம். பெரிய சண்டை வரும் என்று தெரிந்த நாளில் மட்டும் போடுங்கள்.

இனி ஃபயர்பால். ஐந்தாம் லெவலில் வரும். 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் 8டி6, எதிரி டெக்ஸ்டெரிட்டி பகடையில் தப்பினால் பாதி. அது நண்பர், பகைவர் பார்க்காது. உங்கள் பார்பேரியனோ எப்போதும் எதிரிக் கூட்டத்தின் நடுவில்தான் நிற்பாள். அதனால் இரண்டாம் லெவலில் எவொகேஷன் பள்ளி என்ற விசார்டு பிரிவை எடுங்கள். அதில் வரும் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ், மந்திரத்தின் லெவலோடு ஒன்றைக் கூட்டி அத்தனை பேரைத் தீயில் இருந்து முழுதாகக் காப்பாற்றும். ஃபயர்பாலுக்கு அது நான்கு பேர். உங்கள் தோழிகள் மூவர். அவர்கள் உங்கள் பார்வையில் இருந்தால் போதும், நடுவிலேயே வீசலாம்.

கதைக்கு நீளமான பூர்வகதை எழுத வேண்டாம். ஒவ்வொரு லெவலிலும் புத்தகத்தில் தானாக இரண்டு மந்திரங்கள் சேரும். அது போக வழியில் கிடைக்கும் சுருள்களில் இருந்தும் பிறர் புத்தகங்களில் இருந்தும் எழுதிச் சேர்க்கலாம். மந்திரத்தின் லெவல் ஒன்றுக்கு இரண்டு மணி நேரமும் 50 பொற்காசும் ஆகும். உங்கள் ஆளின் ஆசை விதியிலேயே இருக்கிறது: அவளுக்குப் புத்தகங்கள் வேண்டும். அவளுடைய முதல் புத்தகம் யாருடையது, அந்த ஆள் இப்போது எங்கே என்ற இரண்டுக்கு மட்டும் பதில் யோசித்து டி.எம்.மிடம் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

நான் சொன்ன மந்திரங்களும் ராக் நோமும் எவொகேஷனும் ஐந்தாம் பதிப்பின் இலவச விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1-இல் இருக்கின்றன. 2024-இல் வந்த திருத்திய புத்தகத்தில் ஸ்லீப் உட்படப் பலதும் மாறிவிட்டன, எனவே உங்கள் மேஜையில் இருக்கும் 2014 விதியையே படியுங்கள். ஆறு மந்திரங்களையும் ஆறு அட்டைகளில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். தோழிகளின் முறை நடக்கும்போதே உங்கள் அட்டையை எடுத்து வைத்துவிடலாம்.