காப்பகம் இருக்கிறது, உள்ளே வர வழி இருக்கிறதா?

குடும்ப வன்முறை, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான காப்பகங்களில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: எங்கள் மையத்துக்கு மாற்றுத்திறனாளிப் பெண்கள் யாருமே வருவதில்லை. அவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவோ?

பதில்: இல்லை, அதிகம். உங்கள் வாசலில் எத்தனை படி? பேசினால் மட்டுமே வேலை செய்யும் உதவி எண்ணைக் காது கேளாதவர் எப்படி அழைப்பார்? குறுஞ்செய்தி வசதியாவது கொடுங்கள். பலருக்கும் தோன்றாத ஒன்று: பல வீடுகளில் அடிப்பவர்தான் பார்த்துக்கொள்பவரும். சக்கர நாற்காலியை எட்டாத இடத்தில் நிறுத்துவதும் மாத்திரையை ஒளித்துவைப்பதும் வன்முறைதான். உங்கள் படிவம் அதைக் கேட்கிறதா? கூட வந்தவரை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசுங்கள். குளிக்க, உடை மாற்ற உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்யாமல் "கிளம்பி வந்துடுங்க" என்றால் அவர் எப்படி வருவார்?

கேள்வி: நம் மொழி தெரியாத பெண். கூட வந்த மகனையே மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

பதில்: கூடவே கூடாது. பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் வாய் திறப்பாள்? ஊர்க்காரரும் வேண்டாம், விஷயம் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடியுங்கள், பெண்ணின் பெயரைச் சொல்லாமல். ஆள் கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்புவது அதைவிட மோசம். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1991-இல் எழுதிய கட்டுரையில் அப்படி ஒருவர் வருகிறார். கணவன் கொன்றுவிடுவதாக மிரட்டியதால் ஓடிவந்தவர். ஆங்கிலம் தெரியாததால் காப்பகத்தில் இடம் தரவில்லை. குழு ஆலோசனையில் பங்கெடுக்க முடியாதாம்!

கேள்வி: கணவரின் விசாவில் இருப்பவர், புகார் கொடுத்தால் நாடு கடத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறார்.

பதில்: "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சில நாடுகளில் இப்படிப்பட்டவர்களுக்குத் தனியாக வதிவிட அனுமதி உண்டு, சிலவற்றில் இல்லை. முதலில் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர், பிறகுதான் புகார்.

கேள்வி: பாலியல் வன்முறை நடந்திருக்கிறது. போலீஸே வேண்டாம் என்கிறார்.

பதில்: வேண்டாமென்றால் வேண்டாம். ஆனால் சிகிச்சை காத்திருக்காது: எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடைக்கு 5 நாள் வரை. புகார் கொடுத்தால்தான் மருந்து என்று சொல்லும் மையத்தை முதலில் திருத்துங்கள்.

கேள்வி: நிதி இல்லை. ஒன்றே ஒன்று செய்யலாம் என்றால்?

பதில்: ஒரு நோட்டுப் போடுங்கள். யாரைத் திருப்பி அனுப்பினோம், எந்த விதியைக் காட்டி என்று 3 மாதம் எழுதுங்கள். பெயர் வேண்டாம். எந்த விதியை மாற்றுவது என்று என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.