முதல் வாரமும் மைக்கும்

வணக்கம் ஐயா,

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் முதலாமாண்டு மாணவர்கள் வருகிறார்கள். அந்த வாரம் அவர்களுக்கு ஜாலியாக இருக்க வேண்டும் என்று எங்கள் துறை மாணவர் சங்கத்தில் ஐந்து பேரிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து சுய அறிமுகம், அப்புறம் டம்ப் ஷராட்ஸ், அந்தாக்ஷரி, ட்ரெஷர் ஹன்ட், வெள்ளிக்கிழமை மாலை மிஸ்டர் ஃப்ரெஷர், மிஸ் ஃப்ரெஷர் தேர்வு, கடைசியில் டிஜே. இதுதான் எங்கள் பட்டியல். கையில் பணம் அதிகமில்லை. ஆசிரியர்களை அழைக்கலாமா என்பதில் எங்களுக்குள் சண்டை. விடுதி வாழ்க்கை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். வேறு என்ன வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

— ம.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் என் அக்காவின் பேத்தியிடம் போனில் பேசினேன். அவளும் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "எல்லாரும் கட் ஆஃப் எவ்வளவுன்னுதான் கேக்கறாங்க தாத்தா" என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை. அந்தப் பேச்சு மனதில் ஓடிக்கொண்டிருந்தபோது உங்கள் பட்டியலைப் படித்தேன்.

முதலில் ஒன்று. புதிதாக வரும் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று ஐந்து பேர் உட்கார்ந்து யோசிக்கிறீர்களே, அது பெரிய விஷயம். 1996இல் சிதம்பரத்தில் ஒரு முதலாமாண்டு மருத்துவ மாணவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் கல்லூரிக்குப் போன வீடுகளில், பெட்டி கட்டும்போதே அம்மாக்கள் அழுதார்கள். இன்று சீனியர்கள் விளையாட்டுக்குப் பட்டியல் போடுகிறார்கள். உங்களை மனதார வாழ்த்துகிறேன்.

அந்தாக்ஷரி, டம்ப் ஷராட்ஸ் எல்லாம் வையுங்கள். டிஜே பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. மிஸ்டர், மிஸ் தேர்வை மட்டும் இப்போதே அடித்துவிடுங்கள். பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை வந்த ஐந்தாம் நாள் நிற்கவைத்து, முகத்துக்கும் நிறத்துக்கும் உடுப்புக்கும் மதிப்பெண் போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

நான் சண்டைபோட விரும்புவது உங்கள் முதல் உருப்படியோடு. மேடையில் சுய அறிமுகம். ஒரு செலவும் இல்லாத, எல்லோருக்கும் சமமான நிகழ்ச்சி என்று நினைத்திருப்பீர்கள். சமமே இல்லை தம்பி. மேடையில் ஏறியதும் என்ன சொல்வார்கள்? பெயர், ஊர், படித்த பள்ளி, அப்பா என்ன செய்கிறார், கட் ஆஃப். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் முதல் ஆள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் அதுவே சட்டமாகிவிடும். நாமக்கல் பக்கத்துப் பெரிய தனியார் பள்ளியில் படித்தவன் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து என்று சொல்லிவிட்டு இறங்குவான். அடுத்து ஒரு பெண் ஏறுவாள். அரசுப் பள்ளி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள், வீட்டில் முதல் பட்டதாரி. அவள் தன் பள்ளியின் பெயரைச் சொல்வாளா, விழுங்குவாளா? அவள் தன் கட் ஆஃபைச் சொன்ன மாத்திரத்தில் அரங்கில் பாதிப் பேர் மனதுக்குள் கணக்குப் போட்டு, இவள் எந்தப் பிரிவு என்று முடிவுகட்டிவிடுவார்கள். சாதியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் பதில் கிடைத்துவிட்டது. யார் முன் வரிசை, யார் பின் வரிசை என்பது அந்த அரைமணி நேரத்தில் தீர்மானமாகி, நான்கு வருஷம் அப்படியே நிற்கும்.

இது கிழவனின் கற்பனை என்று நினைக்காதீர்கள். சாதி, மொழி, ஊர், பொருளாதார நிலை இவற்றை வைத்து ஒருவரைத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2016இல் தன் விதிகளைத் திருத்தியது. 2023இல் மும்பை ஐஐடி, சக மாணவரிடம் நுழைவுத்தேர்வு ரேங்க் கேட்பது முறையல்ல என்று தன் மாணவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ரேங்க் கேட்பது சாதியைத் துருவும் வழியாகிவிடுகிறது என்பதுதான் காரணம்.

எண்பதுகளில் நான் விடுதியில் சேர்ந்தபோது பக்கத்து அறையில் பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். தமிழ் வழியில் படித்தவன். இரண்டாம் நாள் இரவு சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சின் மேல் ஏற்றி, ஆங்கிலத்தில் இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார்கள். "மை நேட்டிவ்" என்று ஆரம்பித்தவனுக்கு அதற்குமேல் வரவில்லை. கூடமே சிரித்தது. யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. "நேட்டிவ்" என்பது மட்டும் அவன் பெயராகிவிட்டது. என்ஜினியரிங் டிராயிங்கில் அவனுக்கு நிகராக எங்கள் வகுப்பில் ஆள் கிடையாது. ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வாயைத் திறக்கமாட்டான். தெரிந்த பதிலைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு நிற்பான்.

அதே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஸ் பிரதிநிதியாக இருந்த சீனியர் எங்களில் ஏழெட்டுப் பேரை விடியற்காலையில் காய்கறி மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். மூட்டை தூக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். சின்ன வெங்காயக் கடையில் அவர் மேலாகப் பார்த்துவிட்டு விலை பேச ஆரம்பித்தார். பெரம்பலூர்க்காரன் பேசாமல் போய்ச் சாக்கின் அடிவரை கையைவிட்டு நாலு வெங்காயத்தை எடுத்து, காம்புப் பக்கம் நசுக்கிப் பார்த்தான். "கழுத்து காயலண்ணே. நாலு நாள்ல அழுகிரும்" என்றான். அடுத்த கடை, அதற்கடுத்த கடை. விலையும் அவனே பேசினான். சென்னைப் பையன்கள் அவனைச் சுற்றி நின்று, எப்படிடா பார்க்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். திரும்பி வரும்போது டெம்போவின் பின்னால் மூட்டைகள்மேல் உட்கார்ந்து அவன் பேசியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

அந்த சீனியர் எங்களுக்கு எந்த விளையாட்டும் வைக்கவில்லை. சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுத்தார். வேலை என்று வந்தால் ஒவ்வொருவரிடமும் இருப்பது தானாக வெளியே வரும். மேடையில் ஏற்றினால் இல்லாததுதான் தெரியும்.

ஆகவே ட்ரெஷர் ஹன்டை விடாதீர்கள், அதைப் பெரிதாக்குங்கள். ஆறு ஆறு பேராகக் குலுக்கல் முறையில் பிரியுங்கள். விடுதிப் பிள்ளைகளும் தினமும் வீட்டிலிருந்து வருபவர்களும் கலந்திருக்கட்டும். கண்டுபிடிக்க வேண்டியவை அவர்களுக்குப் பயன்படுபவையாக இருக்கட்டும். உதவித்தொகைப் படிவம் எந்த ஜன்னலில், நூலக அட்டை யாரிடம், காய்ச்சல் வந்தால் எங்கே போவது, நல்ல ஜெராக்ஸ் கடை எது. மறுநாள் அதே ஆறு பேர் டவுன் பஸ் ஏறட்டும். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, பையன்களுக்குச் சில ரூபாய்தான். 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துவிட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் உக்கடம் பெரிய குளக்கரையில் நடந்துவிட்டு ஆறு பேரும் டீ குடித்துவிட்டு வரட்டும். உள்ளூர் இடங்களைப் பார்ப்பது, உடற்பயிற்சி, கலைகள் எல்லாம், பொறியியல் கல்லூரிகளுக்கு விதி வகுக்கும் ஏஐசிடிஇ வகுத்த மூன்று வார அறிமுகத் திட்டத்திலேயே இருக்கின்றன. பல கல்லூரிகள் அதை அரங்கில் உட்காரவைத்துப் பேச்சுக் கேட்பதாகச் சுருக்கிவிட்டன. அந்தப் பிள்ளைகளைத் தயவுசெய்து வெளியே கூட்டிப்போங்கள். விடுதியிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு கேரம்போர்டு போதும். பேசாமலும் விளையாடலாம், பேச்சு பிறகு வரும்.

உங்கள் ஐந்து பேருக்கும் ஒரே ஒரு கண்டிப்பு. கட் ஆஃப், ரேங்க், அப்பா வேலை, படித்த பள்ளி, இந்த நான்கையும் நீங்களும் கேட்கக் கூடாது, உங்கள் சீனியர்கள் கேட்டாலும் தடுக்க வேண்டும். வேறு ஏதாவது கேளுங்கள். காலையில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

ஆசிரியர்களை அழைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அழையுங்கள், மேடையும் மாலையும் வேண்டாம். ஆறு பேர் குழுவில் ஒருவராக மதியச் சாப்பாட்டுக்கு உட்காரட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. பொள்ளாச்சிக்கும் அவினாசிக்கும் போகிற பிள்ளைகள் கல்லூரிப் பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக முடியாது. பஸ் கிளம்பும் நேரத்தை விசாரித்துவிட்டு, அதற்கு முன்னால் முடிகிற மாதிரி வையுங்கள்.

அன்புடன்.